கீத் பிரபுவின் கடிதம்

ஒறாபி பாஷாவைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை ஏராளம். 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய அந்த எகிப்தியத் தளபதி 1901 வரை இந்நாட்டில் நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்ததும், மருதானை ஸாஹிராவின் தோற்றத்துக்கு அவர் தந்த ஊக்கமும் நம் வீடுகளில் பேசப்படும் செய்திகள். அவர் எதற்காக இங்கு அனுப்பப்பட்டார் என்ற கேள்வியினூடாகவே 1882 இல் ஆங்கிலேயர் எகிப்தினுள் நுழைந்த கதையையும் நாம் அறிந்து கொண்டோம். ஆனால் அது ஆங்கிலேயரின் முதலாவது நுழைவன்று. அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்னரே, 1801 மார்ச் 8 ஆம் திகதி காலையில், அபூகீர் விரிகுடாவின் மணலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் படகுகளிலிருந்து குதித்து இறங்கினார்கள். அவர்களைக் கொண்டு வந்து சேர்த்த கடற்படையின் தளபதி ஸ்கொட்லாந்தின் பழைய பிரபு குடும்பமொன்றின் ஐந்தாவது மகன். பெயர் ஜோர்ஜ் கீத் எல்பின்ஸ்டன். கீத் பிரபு என்ற பட்டப் பெயராலேயே வரலாறு அவரை அழைக்கிறது.

இந்தப் பெயர் நமது பாடப் புத்தகங்களில் அகப்படாது. பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன் என்ற வகையில் இதனைச் சொல்கிறேன். ஒல்லாந்தரின் கையிலிருந்து இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயரின் கைக்கு மாறிய 1795, 1796 ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையிலிருந்து வங்காள விரிகுடா வரை பிரித்தானியக் கடற்படைக்கு மேலதிகாரியாக இருந்தவரும் இவரே. எனினும் நான் இவரைப் பற்றி எழுத முற்பட்டதற்கு அது முதற் காரணமல்ல. காரணம் ஒரு கடிதம். அதற்கு வருமுன் மனிதரைக் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

அவர் பிறந்தது 1746 ஜனவரி 7 ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் ஸ்ரேர்லிங் நகருக்கு அண்மையிலுள்ள எல்பின்ஸ்டன் கோபுர மாளிகையில். அந்த நாளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நாடிழந்த ஸ்ரூவர்ட் அரச வம்சத்துக்காக ஸ்கொட்லாந்து மலைநாட்டவர் ஆயுதமேந்தி எழுந்திருந்த காலம் அது. குழந்தை பிறந்து பத்து நாளில், மாளிகையிலிருந்து அதிக தூரமில்லாத போல்கர்க்கில் கிளர்ச்சிப் படை அரச படையைத் தோற்கடித்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 16 இல், கலோடன் வெளியில் அந்தக் கிளர்ச்சி துடைத்தழிக்கப்பட்டது. அதன் பின் மலைநாட்டவரின் உடை தடை செய்யப்பட்டது, குலத் தலைவர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது, காணிகள் பறிமுதலாயின. ஆக, இவர் தொட்டிலில் கிடந்த வருடம், இவருடைய நாடு லண்டனிடம் கடைசியாகத் தோற்ற வருடம்.

தாய்வழி உறவு இன்னும் சுவையானது. தாயாரின் தாய்மாமன்மார் இருவரும் முந்திய கிளர்ச்சிகளில் சேர்ந்து நாட்டை விட்டு ஓடியவர்கள். மூத்தவர் ஜோர்ஜ் கீத், ஸ்கொட்லாந்தின் கடைசி மாரிஷல் பிரபு. இளையவர் ஜேம்ஸ் கீத், முதலில் ரஷ்யாவுக்கும் பின் பிரஷ்யாவுக்கும் வாள் பிடித்து, 1758 இல் பிரஷ்யாவின் பீல்ட் மார்ஷலாகவே போர்க்களத்தில் இறந்தவர். 1737 இல் ரஷ்யப் படையோடு சென்று உஸ்மானியரின் ஒச்சாக்கோவ் கோட்டையைப் பிடித்தபோது, அங்கு அகப்பட்ட ஒரு துருக்கியச் சிறுமியை ஜேம்ஸ் தன் அண்ணனிடம் ஒப்படைத்தார். அமதுல்லாஹ் என்ற பெயர் மருவி ‘எமெதுல்லா’ என்று ஐரோப்பிய நூல்களில் வழங்கும் அந்தப் பெண்ணை மாரிஷல் பிரபு தன் மகளைப் போல் வளர்த்தார். ஐரோப்பியப் போரொன்றின் இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு முஸ்லிம் குழந்தை, நமது கதாநாயகரின் குடும்பத்தில் ஒருத்தியாக இருந்தாள் என்பதை மட்டும் குறித்து வைத்துக் கொள்வோம்.

கிளர்ச்சியாளரின் இரத்தம் ஓடிய குடும்பத்தில் ஐந்தாவது மகனுக்கு என்ன வழி? காணியும் பட்டமும் மூத்தவனுக்கு. ஏனையோருக்கு, தங்களை வென்ற அரசின் சேவைதான் மிச்சம். அக்கால ஸ்கொட்லாந்துப் பிரபு வீட்டு இளையோர் நூற்றுக்கணக்கில் அந்த வழியாலேயே இராணுவத்துக்கும் கடற்படைக்கும் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் போனார்கள். பிரித்தானியப் பேரரசைக் கட்டியவர்களில் ஸ்கொட்லாந்தவரின் பங்கு அவர்களது சனத்தொகைக்கு மிஞ்சியது என்று சொல்வார்கள். இக்கட்டுரையில் வரும் பெயர்களிலேயே அது தெரியும்.

எல்பின்ஸ்டன் 1761 இல் பதினைந்து வயதில் கடற்படையிற் சேர்ந்தார். முதற் கப்பலின் கப்டன் ஜோன் ஜேர்விஸ், பிற்காலத்தில் சென். வின்சென்ற் பிரபு என்று புகழ் பெற்றவர். 1767 இல் கம்பனியின் கப்பலொன்றில் கிழக்கே ஒரு பயணம் போய் வந்தார். அப்போது உறவினர் ஒருவர் கடனாகக் கொடுத்த 2,000 பவுணைத் தனி வியாபாரத்தில் போட்டு, பிற்காலச் செல்வத்துக்கு அத்திவாரமிட்டுக் கொண்டார். போருக்குப் புறப்படுமுன் வியாபாரம். இது அவருடைய குணத்தைச் சொல்லும் செய்தி என்பது என் எண்ணம். நெல்சனைப் போல நெஞ்சை நிமிர்த்திப் பீரங்கி வாயில் நிற்கும் இரகமல்ல இவர். கணக்குப் பார்ப்பவர், சரக்கு, தண்ணீர், பாய்மரத் துணி, சம்பளப் பட்டியல் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர், மேலிடத்து உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுபவர். பெரிய கடற்போர் ஒன்றில் கூட அவர் தலைமை தாங்கியதில்லை. இருந்தும் பிரித்தானியக் கடற்படையில் அவரளவு செல்வம் சேர்த்தோர் சிலரே.

அந்தச் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்பதை விளங்கிக் கொள்ள ‘பரிசுப் பணம்’ என்ற ஏற்பாட்டை அறிய வேண்டும். எதிரிக் கப்பல் பிடிபட்டால் அதன் பெறுமதி எட்டுப் பங்காக்கப்படும். கப்டனுக்குரிய மூன்று பங்கில் ஒன்று, அவருக்கு மேலுள்ள அட்மிரலுக்குப் போகும். அட்மிரல் அந்த இடத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. அவரது கட்டளைக்குட்பட்ட கடலாக இருந்தாற் போதும். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற நூற்றுக்கணக்கான மாலுமிகளுக்கோ, எல்லோருக்குமாக இரண்டு பங்கு. இந்த முறையின் கீழ், விசாலமான கடற்பரப்புக்குத் தளபதியாக நியமிக்கப்படுவதே ஒரு சொத்து.

அமெரிக்கப் போர்க் காலத்தை விரைவாகக் கடந்து விடலாம். 1775 இல் கப்டனானார். 1780 இல் சார்ள்ஸ்டன் முற்றுகையில் கரையிறங்கிப் பணியாற்றினார். 1781 ஜனவரியில் ‘வோர்விக்’ என்ற 50 பீரங்கிக் கப்பலைக் கொண்டு அதே அளவான ஒல்லாந்தக் கப்பலொன்றைப் பிடித்தார். அதே வருடம் பாராளுமன்ற உறுப்பினருமானார். சமாதானம் வந்ததும் பத்து வருடம் கரையில். 1787 இல் செல்வக் குடும்பத்துப் பெண்ணான ஜேன் மேர்சரை மணந்தார். ஒரு மகளைக் கொடுத்து விட்டு 1789 இல் அந்தப் பெண்மணி இறந்து போனார். பிரெஞ்சுப் புரட்சியோடு தொடங்கிய போர் 1793 இல் அவரைத் திரும்பவும் கடலுக்கு அழைத்தது.

இனி நமது கரைக்கு வருவோம். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்தது. ஒறேஞ்ச் இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ மாளிகையிலிருந்து பெப்ரவரி 7 இல் ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். ஒல்லாந்தக் குடியேற்றங்களின் ஆளுநர்கள் யாவரும் பிரித்தானியப் படைகளை நண்பர்களாக உள்ளே அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் கடிதத்தையும் கப்பற்படையையும் ஒன்றாகக் கொண்டு சென்றால் எந்தக் கதவும் திறக்கும் என்று லண்டன் கணக்கிட்டது. எல்பின்ஸ்டன் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார். ஒகஸ்ட் 7 இல் மியூசன்பேர்க்கில் மோதல். செப்டெம்பர் 16 இல் கேப் சரணடைந்தது. அதே ஒகஸ்ட் 26 இல், அட்மிரல் ரெய்னியரின் கப்பல்களும் கேணல் ஜேம்ஸ் ஸ்ருவர்ட்டின் படையும் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தன. அடுத்த மாதம் யாழ்ப்பாணம். 1796 இன் தொடக்கத்தில் எல்பின்ஸ்டன் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தளபதியாக மதராஸை வந்தடைந்தார். பெப்ரவரி நடுப்பகுதியில் ஆளுநர் வான் அங்கல்பேக் கொழும்பை ஒப்படைத்தார். இலங்கைக் கரையில் எல்பின்ஸ்டன் நேரில் வாளெடுத்தவரல்ல. எனினும் இந்தத் தீவு கைமாறியது அவரது கட்டளைக் காலத்தில். ஒகஸ்ட்டில் மீண்டும் கேப்புக்குத் திரும்பி, அதனை மீட்க வந்த ஒல்லாந்தக் கடற்படைப் பிரிவு முழுவதையும் சல்டானா விரிகுடாவில் போரின்றியே சரணடையச் செய்தார். அடுத்த வருடம் அவருக்குப் பிரபுப் பட்டம். அன்றிலிருந்து அவர் கீத் பிரபு.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. கேப்பும் இலங்கையும் ஒல்லாந்தருக்கு வெறும் கறுவாவும் துறைமுகமும் அல்ல. ஜாவாவிலும் சுற்றுத் தீவுகளிலும் தங்களை எதிர்த்தவர்களைக் கொண்டு வந்து போடும் இடங்களும் இவையே. மக்காஸரின் ஷெய்க் யூஸுப் 1684 இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். இங்கிருந்தும் அவருடைய எழுத்து தாயகம் போய்ச் சேருவதைக் கண்டு அஞ்சி, 1694 இல் அவரைக் கேப்புக்கு மாற்றினார்கள். அங்கேயே வபாத்தானார். இரண்டு நாடுகளினதும் மலாய் முஸ்லிம்களின் வரலாறு இந்த நாடு கடத்தல்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரே வருட இடைவெளியில் அவ்விரு இடங்களும் ஆங்கிலேயக் கொடியின் கீழ் வந்தபோது, அங்கு வாழ்ந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கியூவிலிருந்து வந்த கடிதம் ஆளுநர்களுக்கு எழுதப்பட்டது.

இப்போது அந்த மற்றக் கடிதம்.

1798 இல் நெப்போலியன் எகிப்தைப் பிடித்ததும், அதே ஒகஸ்ட் 1 இல் அபூகீரில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்ததும் தெரிந்த கதை. கடல்வழி அடைபட்ட படையை விட்டு விட்டு நெப்போலியன் 1799 ஒகஸ்ட்டில் இரகசியமாகப் பிரான்ஸுக்குத் திரும்பினார். பொறுப்பு ஜெனரல் கிளேபரின் தலையில் விழுந்தது. கிளேபருக்கு எகிப்தில் இருக்க விருப்பமில்லை. உஸ்மானிய வஸீர் யூஸுப் ஸியா பாஷா பெரும் படையோடு சிரியா வழியே வந்து கொண்டிருந்தார். பேச்சுவார்த்தை தொடங்கிற்று. அப்பகுதிக் கடலில் பிரித்தானியக் கப்பல்களின் தலைவரான சேர் சிட்னி ஸ்மித் நடுவில் நின்று பேசினார். 1800 ஜனவரி 24 இல் அல் அரீஷில் உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரெஞ்சுப் படை தன் ஆயுதங்களோடும் பொதிகளோடும் எகிப்தை விட்டு வெளியேறும். கப்பல்களில் பிரான்ஸ் போய்ச் சேரும். எகிப்து உஸ்மானியருக்குத் திரும்பும். ஒரு தோட்டாவும் இனிச் சுடப்படத் தேவையில்லை. கிளேபர் கோட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்படைக்கத் தொடங்கினார். கெய்ரோவாசிகள் புறப்படும் படையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் லண்டனில் வேறொன்று நடந்திருந்தது. எகிப்திலிருந்து பாரிஸுக்குப் போன பிரெஞ்சுக் கடிதங்கள் கடலிற் பிடிபட்டன. பணமில்லை, ஆளில்லை, மருந்தில்லை என்று படையின் அவலம் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அவற்றைப் படித்த அமைச்சர்கள், இன்னும் கொஞ்சம் இறுக்கினால் முழுப் படையும் கைதியாகும் என்று நினைத்தார்கள். பழகிய போர்வீரர்கள் ஐரோப்பியக் களத்துக்குத் திரும்பக் கூடாது என்பது அவர்களது கவலை. 1799 டிசம்பரில் உத்தரவு புறப்பட்டது. அப்போது மத்தியதரைக்கடல் கடற்படையின் தளபதி கீத் பிரபு.

உத்தரவு கிடைத்ததும் அவர் தாமதிக்கவில்லை. 1800 ஜனவரி 8 ஆம் திகதி, மினோர்கா தீவில், ‘குயீன் சார்லட்’ என்ற தன் கொடிக்கப்பலிலிருந்து கிளேபருக்கு ஒரு கடிதம் எழுதினார். மிகச் சுருக்கமானது. படை ஆயுதங்களைக் கீழே வைத்துப் போர்க் கைதிகளாகச் சரணடைந்து, அலெக்சாந்திரியாவிலுள்ள கப்பல்களையும் பண்டங்களையும் ஒப்படைத்தாலன்றி எந்த உடன்பாட்டுக்கும் இணங்க வேண்டாமென அரசர் பணித்திருக்கிறார். வேறு எவருடைய அனுமதிச் சீட்டோடு துருப்புகள் புறப்பட்டாலும் அக்கப்பல்கள் திருப்பியனுப்பப்படும் என்பதே அதன் கருத்து. திகதிகளைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கைக்கு 16 நாள் முந்தியது கடிதம். உடன்படிக்கையை முறிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. அப்படி ஒன்று வரப்போவதை அறியாத ஒருவரால் எழுதப்பட்டது. ஆனால் அது கிளேபரின் கைக்கு வந்து சேர்ந்தபோது மார்ச் மாதம். கோட்டைகள் பாதி கைமாறியாகி விட்டன. வஸீரின் படை கெய்ரோவின் வாசலில் நின்றது.

கிளேபர் அந்தக் கடிதத்தை அச்சடித்துத் தன் படையினருக்கு வாசிக்கக் கொடுத்தார். இத்தகைய அவமதிப்புக்கு வெற்றியே பதில் என்று கீழே இரண்டு வரி சேர்த்தார். மார்ச் 20 இல் கெய்ரோவின் வடகிழக்கே, அய்னு ஷம்ஸ் பகுதியில், பிரெஞ்சுக்காரர் ஹீலியோபொலிஸ் என்றழைத்த இடத்தில், உஸ்மானியப் படை சிதறடிக்கப்பட்டது. அதே நாளில் கெய்ரோ மக்கள் எழுந்தார்கள். பிரெஞ்சுக்காரர் தோற்று விட்டார்கள் என்ற நம்பிக்கையில், போரிலிருந்து விலகி நகருக்குள் வந்த நாஸிப் பாஷாவின் ஆட்களோடு சேர்ந்து, தெருக்களில் அரண் கட்டினார்கள். உமர் மக்ரம் முன்னின்றார். வீடுகளில் வெடிமருந்து இடித்தார்கள். உலோகத்தை உருக்கிப் பீரங்கி வார்த்தார்கள். நைல் கரையிலிருந்த துறைமுகப் பகுதியான பூலாக்கில் ஹாஜி முஸ்தபா அல் பஷ்தீலி என்பவர் தலைமை ஏற்றார்.

இந்த நாட்களை அருகிருந்து எழுதியவர் அப்துர் ரஹ்மான் அல் ஜபர்த்தி. அஸ்ஹரில் கற்ற ஆலிம். ‘அஜாஇபுல் ஆஸார்’ என்ற பெருவரலாற்றின் ஆசிரியர். அவருடைய சிறப்பு, தம்மவரின் பிழையையும் மறைக்காமை. கிளர்ச்சியின் போது கெய்ரோவின் கிறிஸ்தவர் வீடுகள் தாக்கப்பட்டதை, அதற்கு உஸ்மானியத் தளபதிகள் தூண்டுகோலாயிருந்ததை, அவர் கண்டித்தே எழுதுகிறார். வீரம் பேசி விட்டுப் பின்வாங்கியவர்களையும் விடுவதில்லை. அதனாலேயே பூலாக்கின் அழிவை அவர் எழுதும்போது நம்ப வேண்டியிருக்கிறது. ஏப்ரல் நடுவில் பிரெஞ்சுப் படை பூலாக்கைச் சுற்றி வளைத்துப் பீரங்கியால் அடித்து உட்புகுந்தது. பண்டசாலைகள், சத்திரங்கள், வீடுகள் எரிந்தன. தெருவெங்கும் பிரேதங்கள். சில நாட்களில் கெய்ரோவும் பணிந்தது. தலையில் பெருந்தொகை அபராதம் விழுந்தது. அதைக் கறக்க, நகரின் மதிப்புக்குரிய ஷெய்க் அஸ் ஸாதாத் சிறையிலிடப்பட்டு அடிக்கப்பட்டார்.

ஜூன் 14 இல், ஹலபிலிருந்து வந்த சுலைமான் என்ற இளைஞர் கிளேபரைத் தோட்டத்தில் வைத்துக் குத்திக் கொன்றார். மூன்று நாளில் தீர்ப்பும் தண்டனையும் முடிந்தன. அவருடைய வலக்கை நெருப்பில் கருக்கப்பட்டது, உடல் கழுவிலேற்றப்பட்டது. அவரை அறிந்திருந்தும் சொல்லவில்லை என்ற குற்றத்துக்காகக் காஸாவைச் சேர்ந்த அஸ்ஹர் மாணாக்கர் மூவரின் தலை முன்னதாகவே துண்டிக்கப்பட்டது. அஸ்ஹர் மூடப்பட்டது. சுலைமானின் மண்டையோடு பாரிஸின் அருங்காட்சியகத்துக்குப் போனது.

லண்டனில் என்ன நடந்தது? அல் அரீஷ் உடன்படிக்கையின் பிரதி அங்கு போய்ச் சேர்ந்ததும், தம் அதிகாரி நடுவில் நின்று செய்த ஏற்பாட்டை மறுப்பது தகாது என்று அமைச்சர்கள் மனம் மாறினார்கள். ஏற்றுக் கொள்ளும்படி மார்ச் இறுதியில் புதிய உத்தரவு புறப்பட்டது. அப்போது ஹீலியோபொலிஸ் முடிந்து, பூலாக் முற்றுகையில் இருந்தது. ஆங்கில வரலாற்றாசிரியர்கள் பலர் இதனைத் தபால் தாமதத்தால் நேர்ந்த குழப்பமென்று சொல்லிக் கடந்து போவார்கள். சிட்னி ஸ்மித் அதிகாரத்தை மீறினார், கீத் விதிப்படி நடந்தார் என்று பக்கம் பக்கமாக வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. விதிப்படி பார்த்தால் கீத்தின் மேல் குற்றம் காண முடியாது. உத்தரவு வந்தது, எழுதினார். தாமதமும் உண்மைதான். ஆனால் தபால் வேகமாகப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லும்போது ஒன்று மறைந்து போகிறது. ஒரு நாட்டை ஆக்கிரமித்த படை வெளியேறச் சம்மதித்த பின்னரும், அது வெளியேறும் விதத்தைத் தீர்மானிக்கும் உரிமை மினோர்காவிலும் லண்டனிலும் இருப்பதாக எல்லோரும் ஏற்றுக் கொண்டிருந்தார்கள். உடன்படிக்கையைச் செய்த துருக்கியரிடம் கூடக் கேட்கப்படவில்லை. எகிப்தியர் என்றொரு தரப்பு இருப்பதாக அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த மார்ச் மாதத்தில் கீத்துக்கும் ஓர் இடி விழுந்தது. மார்ச் 17 ஆம் திகதி, ஹீலியோபொலிஸுக்கு மூன்று நாள் முன்னர், இத்தாலியின் லிவோர்னோவுக்கு அப்பால் கடலில் ‘குயீன் சார்லட்’ தீப்பிடித்து வெடித்தது. கீத் அன்று கரையில் இருந்ததால் தப்பினார். கப்பலிலிருந்தோரில் ஏறத்தாழ 670 பேர் மாண்டார்கள். கடிதம் எழுதப்பட்ட மேசையும் அதனுடன் போயிருக்கும்.

1800 ஒக்டோபரில், ஜெனரல் அபர்குரோம்பியின் இருபதாயிரம் பேரைக் கொண்டு ஸ்பெயினின் காடிஸில் இறங்கப் போய், நகரில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டும், இறங்குவதா இல்லையா என்று இருவரும் இழுபட்டும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பின்னரே எகிப்து. துருக்கிக் கரையிலுள்ள மர்மரிஸ் விரிகுடாவில் வாரக்கணக்காகத் தங்கி, படகுகளை வரிசையில் நிறுத்தி இறங்கும் பயிற்சி செய்தார்கள். கீத்தின் உண்மையான திறமை இங்கேதான் தெரிகிறது. தட்டையான படகுகள், குடிதண்ணீர், குதிரைகள், பீரங்கிகள், எந்தப் படகுக்குப் பின் எந்தப் படகு என்ற ஒழுங்கு. 1801 மார்ச் 8 இல் கப்டன் அலெக்சாண்டர் கொக்ரேன் படகு வரிசையை நடத்திச் சென்றார். பீரங்கிக் குண்டுகள் விழ விழப் படகுகள் முன்னேறின. அன்று மட்டும் பிரித்தானியத் தரப்பில் ஏறத்தாழ 700 பேர் இறந்தோ காயப்பட்டோ போயினர். மார்ச் 21 இல் அலெக்சாந்திரியாவுக்கு வெளியே பெரும் போர். அதில் காயமுற்ற அபர்குரோம்பி ஒரு வாரத்தின் பின் கீத்தின் கொடிக்கப்பலில் உயிர் விட்டார். அவரும் ஸ்கொட்லாந்தவர். ஏப்ரலில் அலெக்சாந்திரியாவைத் தனிமைப்படுத்துவதற்காகக் கால்வாய்க் கரையை வெட்டி, வற்றிக் கிடந்த மர்யூத் ஏரிப் படுகைக்குள் கடல்நீரைப் பாய்ச்சினார்கள். அங்கே விளைநிலங்களும் கிராமங்களும் இருந்தன. உப்பு நீர் புகுந்த வயல் என்னவாகும் என்பதைக் கரையோரத்து விவசாயிக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை.

கிழக்கிலிருந்தும் உதவிப் படை வந்தது. முதலில் வேறு நோக்கத்துக்காகத் திருகோணமலையில் திரட்டப்பட்ட துருப்புகள் எகிப்துக்குத் திசை திருப்பப்பட்டன. ஜெனரல் டேவிட் பெயார்ட், மற்றுமொரு ஸ்கொட்லாந்தவர், இந்தியச் சிப்பாய்களையும் ஐரோப்பியரையும் செங்கடல் வழியே குஸைருக்குக் கொண்டு சென்று, பாலைவனத்தைக் கடந்து நைலை அடைந்தார். அவர்கள் கெய்ரோவை நெருங்கிய வேளையில் சண்டை முடிந்திருந்தது.

முடிந்தது எப்படி என்பதே இக்கதையின் கசப்பு. 1801 ஜூன் 27 இல் கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஒகஸ்ட் இறுதியில் அலெக்சாந்திரியா. அப்போது அங்கே பிரெஞ்சுத் தளபதியாக இருந்தவர் மெனூ. ரஷீதைச் சேர்ந்த ஸுபைதா என்ற பெண்ணை மணப்பதற்காக இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் என்று பெயர் வைத்துக் கொண்டவர். நிபந்தனைகள் எவை? படையினர் தம் ஆயுதங்களோடும் பொதிகளோடும் நேச நாடுகளின் கப்பல்களில், நேச நாடுகளின் செலவில், பிரான்ஸுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கப்படுவார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படியே போனார்கள். சாராம்சத்தில் இது அல் அரீஷ். 1800 ஜனவரியில் துருக்கியரும் பிரெஞ்சுக்காரரும் இரத்தமின்றி ஒப்புக் கொண்டதை, பத்தொன்பது மாதங்களின் பின், பூலாக்கும் அபூகீரும் மர்யூத்தும் நடந்த பின், பிரித்தானியரும் ஒப்புக் கொண்டார்கள். அலெக்சாந்திரியாவின் சரணாகதிப் பத்திரத்தை அங்கீகரித்து ஒப்பமிட்டவர்களில் ஒருவர் கீத் பிரபு. அதன் ஒரு வாசகத்தின்படியே ரஷீதுக் கல்வெட்டும் பிரெஞ்சு அறிஞர்களின் கையிலிருந்து லண்டனுக்குப் போயிற்று.

எஞ்சிய வாழ்க்கை நீளமானது. எனினும் அதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 1803 முதல் 1807 வரை, நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுப்பான் என்று எல்லோரும் அஞ்சிய நாட்களில், வடகடல் காவல் அவரிடமிருந்தது. 1808 இல், 62 வயதில், இரண்டாந் திருமணம். மணமகள் ஹெஸ்டர் திரேல். சிறுமியாயிருந்த போது அகராதி ஆசிரியர் டொக்டர் ஜோன்சனிடம் பாடம் கேட்டவர். அவரது குடும்பத்தின் கிளைகள் கிழக்கே பரவின. அண்ணனின் மகன் மவுண்ட்ஸ்ருவர்ட் எல்பின்ஸ்டன் பம்பாயின் ஆளுநரானார். இன்னொரு சகோதரரின் மகனே 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய படையை அழிவுக்குக் கொண்டு போன ஜெனரல் எல்பின்ஸ்டன்.

1815 இல் மீண்டும் ஓர் உத்தரவு அவர் கையில் வந்தது. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் ‘பெலரோபன்’ கப்பலில் தஞ்சமடைந்தார். பிளிமத் துறைமுகத்தில் கால்வாய்க் கடற்படைத் தளபதியாக இருந்தவர் கீத். ஜூலை 31 ஆம் திகதி, சென். ஹெலினா தீவுக்கு நாடு கடத்தப்படுகிறீர் என்ற முடிவை நேரிற் சென்று அறிவித்தவர் அவர்தான். வாட்டர்லூவுக்கு முந்திய நாள் காயமுற்றுப் பிரெஞ்சுக்காரரின் கையில் அகப்பட்ட கீத்தின் மருமகன் ஒருவருக்கு நெப்போலியன் மருத்துவர் வைத்துப் பார்த்திருந்தார். அதற்கு நன்றி சொன்ன அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது சிரிப்பு வரும். நெப்போலியனை லண்டன் நீதிமன்றமொன்றில் சாட்சியாக நிறுத்த ஒருவர் அழைப்பாணை பெற்றுக் கொண்டு பிளிமத்துக்கு ஓடி வந்தார். வழக்கு, அபூகீரில் படகுகளை நடத்திய அதே கொக்ரேன் தொடுத்த அவதூறு வழக்கு. அந்த ஆணை கீத்தின் கையில் கொடுக்கப்பட்டு விட்டால் சட்டப்படி கைதியை வெளியே அனுப்ப முடியாமற் போகலாம். ஆகவே, 69 வயது அட்மிரல், வீட்டின் பின்வாசலால் வெளியேறிப் படகில் ஏறி ஒரு கப்பலுக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்குமாக நாள் முழுக்க ஒளிந்து திரிந்தார். தாளை ஏந்தியவர் இன்னொரு படகில் துரத்தினார். தன் வாழ்நாளில் எழுத்தில் வந்த உத்தரவு எதையும் தவற விடாத மனிதர், தன் கைக்கு வரக் கூடாதென்று ஓடிய ஒரேயொரு தாள் அதுவாக இருக்கும். ஒகஸ்ட் 7 இல் நெப்போலியன் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டு சென். ஹெலினாவுக்கு அனுப்பப்பட்டார்.

இரண்டு வருடம் கழித்து, அவருடைய மூத்த மகள் மார்கரெட், தந்தையின் பேச்சைக் கேட்காமல் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்தாள். மாப்பிள்ளை பிளாஹோ, நெப்போலியனின் துணை அதிகாரியாக வாட்டர்லூவில் நின்றவர்.

கீத் பிரபு 1823 மார்ச் 10 இல், தான் கட்டிய டலியலன் மாளிகையில் இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் கடைசியாகக் கிடைத்த வைகவுண்ட் பட்டம் அவரோடு மறைந்தது. மாளிகை இருபதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்துப் பொலிஸாரின் பயிற்சிக் கல்லூரியாயிற்று. அவர் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்த கடிதங்களிலிருந்து மூன்று பெரிய தொகுதிகளைக் கடற்படை ஆவணச் சங்கம் 1927 க்கும் 1955 க்குமிடையில் லண்டனில் வெளியிட்டது.

பூலாக்கில், எரிந்த இடங்களுக்கு நடுவே, 1820 களின் தொடக்கத்தில் முஹம்மது அலி பாஷா ஓர் அச்சகம் அமைத்தார். அரபு நூல்களோடு பழகியவர்களுக்குப் ‘பூலாக் பதிப்பு’ என்ற சொல் புதிதல்ல. முஹம்மது அலியைக் கண்டித்து எழுதியமையால் ஜபர்த்தியின் வரலாறு நெடுங்காலம் அச்சேறாமற் கிடந்தது. ஹிஜ்ரி 1297 இல், ஒறாபி பாஷாவின் எழுச்சிக்குச் சற்று முன்னர், அதன் நான்கு பாகங்களும் அந்தப் பூலாக் அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தன.